பச்சிளங்குழந்தைக்குச் சுன்னத்து: வலித்தடுப்பு எப்படி வேலை செய்கிறது?

பிறந்து சில நாள்களோ சில வாரங்களோ ஆன ஆண் குழந்தைக்குச் சுன்னத்து செய்தால் வலிக்குமா என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். "பச்சைக் குழந்தைக்கு அதெல்லாம் தெரியாது" என்பார் ஒருவர். "வாயில் சர்க்கரைத் தண்ணீர் வைத்தால் அழாது" என்பார் இன்னொருவர். "க்ரீம் தடவிவிட்டுத்தான் செய்வார்கள், கவலை வேண்டாம்" என்று மூன்றாமவர் தேற்றுவார். இவற்றில் முதலாவது தவறு. மற்ற இரண்டும் பாதி உண்மை, பெற்றோரை அதிகம் குழப்புபவையும் அவையே. அழுகையைக் குறைப்பது, வலியைக் குறைப்பது, வலிச் செய்தி எழாமலே தடுப்பது ஆகிய மூன்றும் வெவ்வேறு காரியங்கள் என்பது இந்தப் பேச்சுகளில் மறைந்துபோகிறது.

சுன்னத்து செய்யலாமா, கூடாதா என்பது சமயம், குடும்பம், மருத்துவத் தேவை ஆகியவற்றைப் பொறுத்த முடிவு. இக்கட்டுரை அதற்குள் போகவில்லை. செய்வதென்று முடிவான பிறகு குழந்தையின் வலியை எப்படித் தடுக்கிறார்கள், ஒவ்வொரு வழியும் உடலின் எந்த இடத்தில் வேலை செய்கிறது, எங்கே கைவிடுகிறது என்பதை மட்டும் விளக்குகிறது.

வலி செல்லும் பாதை

வீட்டு வாசலில் உள்ள அழைப்பு மணியை நினைத்துக்கொள்ளலாம். வெளியே ஒரு பொத்தான், சுவருக்குள் ஓடும் கம்பி, உள்ளே ஒரு மணி, அந்த ஒலியைக் கேட்க ஓர் ஆள். தொந்தரவைத் தவிர்க்க வேண்டுமென்றால் பொத்தானை அமுங்காமல் செய்யலாம். கம்பியில் மின்சாரம் பாயாமல் செய்யலாம். உள்ளே இருப்பவரின் கவனத்தை வேறொன்றில் திருப்பலாம். அல்லது அவரை ஆழ்ந்த உறக்கத்தில் வைக்கலாம். நான்கிலும் வெளியில் தெரியும் விளைவு ஒன்றுதான்: யாரும் எழுந்து வருவதில்லை. ஆனால் மூன்றாவது, நான்காவது வழிகளில் மணி ஒலித்துக்கொண்டேதான் இருக்கிறது.

உடலில் பொத்தானின் வேலையைச் செய்பவை தோலிலும் திசுக்களிலும் பரவியிருக்கும் வலியுணரிகள். வெட்டு, நசுக்கல், கடுஞ்சூடு போன்ற சேதத்தைக் கண்டுகொள்ளும் நரம்பு முனைகளுக்கு அந்தப் பெயர். அங்கிருந்து நரம்பு வழியாகச் செய்தி தண்டுவடத்துக்குப் போய், பின் மூளையை எட்டுகிறது. நரம்பின் சுவரில் சோடியம் உள்ளே நுழைவதற்கான நுண்ணிய வாயில்கள் உள்ளன. அவை வரிசையாகத் திறந்து திறந்து மூடுவதால்தான் செய்தி நகர்கிறது. லிக்னோகெயின் போன்ற மரத்துப்போகச் செய்யும் மருந்துகள் இந்த வாயில்களை அடைத்துவிடுகின்றன. லிக்னோகெயினுக்கு லிடோகெயின் என்றும் பெயர் உண்டு. பெரியவர்களுக்குப் பல் பிடுங்குமுன் ஈறில் போடும் ஊசியிலும் பெரும்பாலும் இருப்பது இதுவே.

"குழந்தைக்கு நரம்பு வளரவில்லை" என்ற வாதம்

பிறந்த குழந்தைக்கு வலி தெரியாது என்ற எண்ணம் பாமரர்களிடம் மட்டும் இருந்ததில்லை. 1980-கள் வரை மருத்துவர்கள் பலரும் அதை நம்பினார்கள். குறைமாதக் குழந்தைகளுக்குப் பெரிய அறுவைகளைக்கூட, தசையை அசையவிடாத மருந்தையும் மிகக் குறைந்த மயக்கத்தையும் மட்டும் கொடுத்துச் செய்த காலம் அது. இதற்கு அவர்கள் சொன்ன காரணம், நரம்புகளைச் சுற்றியிருக்கும் மயலின் என்ற கொழுப்புறை பச்சிளங்குழந்தைக்கு முழுமையாக உருவாகியிருக்காது, ஆகவே செய்தி போய்ச் சேராது என்பது.

இந்த வாதத்தில் அடிப்படையான ஓட்டை இருக்கிறது. மந்தமான, நீடித்த வலியைக் கடத்தும் மெல்லிய நரம்பிழைகளுக்குப் பெரியவர்களிடமும் மயலின் உறை கிடையாது. கூர்மையான வலியைக் கடத்துபவற்றுக்கும் மெல்லிய உறைதான். உறை இல்லாவிட்டால் செய்தி மெதுவாகப் போகும், நின்றுவிடாது. குழந்தையின் உடலில் அது கடக்க வேண்டிய தூரமும் மிகக் குறைவு. போதாக்குறைக்கு, மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கிவந்து வலிச் செய்தியை அடக்கும் நரம்புப் பாதைகள் பிறந்த குழந்தையிடம் இன்னும் முதிர்ந்திருப்பதில்லை. வலியைக் கொண்டுபோகும் ஏற்பாடு தயாராக இருந்தும் அதைத் தணிக்கும் ஏற்பாடு தயாராகவில்லை என்பதால், பெரியவர்களைவிடக் குழந்தைக்குக் கூடுதலாகவே வலிக்கலாம் என்று கருத இடமிருக்கிறது.

1987-ல் கே.ஜே.எஸ். ஆனந்தும் அவருடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட ஆய்வுகள் மருத்துவ உலகின் எண்ணத்தைத் திருப்பின. அறுவையின்போது சக்திவாய்ந்த வலிநிவாரணி பெற்ற குறைமாதக் குழந்தைகளின் உடலில் அழுத்தத்தைக் காட்டும் ஹார்மோன்கள் குறைவாகச் சுரந்தன. அறுவைக்குப் பிந்திய சிக்கல்களும் குறைந்தன. பிற்பாடு 2015-ல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகக் குழுவினர், ஒரு வாரம்கூட நிறையாத குழந்தைகளின் பாதத்தை இலேசாகக் குத்தி மூளையைப் படம் பிடித்தபோது, பெரியவர்களுக்கு வலிக்கும்போது செயல்படும் 20 மூளைப் பகுதிகளில் 18 அவர்களிடமும் செயல்பட்டதைக் கண்டார்கள்.

சுன்னத்து தொடர்பான சான்றும் உண்டு. 1997-ல் லான்செட் இதழில் அன்னா டாடியோவும் உடன் ஆய்வாளர்களும் 87 ஆண் குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். சுன்னத்து செய்யப்பட்டவர்கள் 4 அல்லது 6 மாதத்தில் தடுப்பூசி போடும்போது, செய்யப்படாதவர்களைவிட அதிகமாக வலியைக் காட்டினார்கள். மரப்பு க்ரீம் தடவிச் செய்யப்பட்டவர்கள் இரண்டுக்கும் இடையில் இருந்தார்கள். வாழ்நாள் முழுதும் பாதிப்பு இருக்கும் என்று இதிலிருந்து யாரும் முடிவுகட்ட முடியாது. ஆனால் "நாளைக்கே மறந்துவிடும்" என்று சொல்லித் தட்டிக்கழிப்பதையும் இந்த ஆய்வு கடினமாக்கிவிட்டது.

சுருங்கச் சொன்னால்: குழந்தைக்கு வலி தெரியும். சொல்லத்தான் தெரியாது.

இந்த இடத்தில் ஏன் இது எளிதல்ல

பிறந்த குழந்தையின் முன்தோல் அதன் உள்ளிருக்கும் மொட்டுடன் (உறுப்பின் நுனியுடன்) இயல்பாகவே ஒட்டியிருக்கும். ஆகவே சுன்னத்து என்பது ஒரே வெட்டு அல்ல. முதலில் முன்தோலைப் பிடித்து, ஒட்டியிருப்பதைப் பிரிக்க வேண்டும். பிறகு கிளாம்ப் எனும் இடுக்கியையோ பிளாஸ்டிக் வளையத்தையோ பொருத்தி இறுக்க வேண்டும். அதன் பிறகே தோல் நீக்கப்படுகிறது. பிரிக்கும் கட்டமும் வெட்டும் கட்டமும் மிகவும் வலிக்கக்கூடியவை. மேல்தோலின் மேற்பரப்பை மட்டும் மரக்கவைத்தால் உள்ளே பிரிக்கும்போது எழும் வலி அடங்காது.

நரம்பின் அமைப்பும் கவனிக்கத்தக்கது. ஆணுறுப்பின் முதுகுப் பக்கத்தில், அதாவது மேற்புறத்தில், இடமும் வலமுமாக இரண்டு நரம்புகள் ஓடுகின்றன. உணர்வின் பெரும்பகுதி அவை வழியாகவே செல்கிறது. ஆனால் அடிப்பக்கத்துக்கு, குறிப்பாக முன்தோலை மொட்டுடன் இணைக்கும் சிறு தோல் மடிப்பைச் சுற்றிய பகுதிக்கு, வேறு கிளைகளும் வருகின்றன. முதுகுப் பக்க நரம்புகளை மட்டும் மரக்கவைத்தால் சில குழந்தைகளுக்கு அடிப்பக்கத்தில் உணர்வு மிஞ்சுவதற்கு இதுவே காரணம்.

க்ரீம்

பரவலாகப் பயன்படும் மரப்பு க்ரீமில் லிக்னோகெயின் 2.5 சதவீதமும் பிரைலோகெயின் 2.5 சதவீதமும் கலந்திருக்கும். அழைப்பு மணியில் பொத்தானை அடைப்பது போன்றது இதன் வேலை. தோலின் வழியாக ஊறி, அங்குள்ள நரம்பு முனைகளை அடக்குகிறது. பிறந்த குழந்தைக்குச் சுமார் 1 கிராம் அளவில் தடவி, காற்றுப் புகாதபடி மூடி, 60 முதல் 90 நிமிடம் விடவேண்டும். இந்த நேரக் கணக்குதான் நடைமுறையில் அதிகம் மீறப்படுகிறது. தடவிப் பத்து நிமிடத்தில் தொடங்கினால், தடவியதாகச் சொல்லிக்கொள்ளலாமே தவிர, குழந்தைக்குப் பயன் மிகக் குறைவு. மருந்து கொடுக்கப்பட்டதா என்று கேட்கும் பெற்றோர், எத்தனை மணிக்குக் கொடுக்கப்பட்டது என்று கேட்பதில்லை. இரண்டாவது கேள்விதான் முக்கியம் என்பது என் கருத்து.

சரியாகத் தடவினாலும் க்ரீமின் பயன் ஓரளவுதான். ஒன்றும் கொடுக்காததைவிட நிச்சயம் மேல். பிரிப்பதும் வெட்டுவதும் நடக்கும்போது போதாது.

பாதுகாப்பு குறித்தும் ஒன்று சொல்ல வேண்டும். பிரைலோகெயின் உடலில் சிதையும்போது உண்டாகும் ஒரு பொருள், இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை, சுமக்க இயலாத ஒரு வடிவத்துக்கு மாற்றக்கூடும். அந்த வடிவத்துக்கு மெத்தீமோகுளோபின் என்று பெயர். அதைத் திரும்பச் சரிசெய்யும் நொதி பச்சிளங்குழந்தையிடம் குறைவு. அளவு மிஞ்சினால் உதடும் விரல் நுனியும் சாம்பல் நீலமாக மாறும். குறைமாதத்தில் பிறந்த குழந்தை, ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தை, சல்ஃபா வகைக் கிருமிக்கொல்லி போன்ற சில மருந்துகளைப் பெறும் குழந்தை ஆகியோர் விஷயத்தில் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். "கொஞ்சம் கூடுதலாகத் தடவினால் நன்றாக மரக்கும்" என்ற எண்ணம் இங்கே ஆபத்தானது.

ஊசி: கம்பியைத் துண்டிப்பது

சுன்னத்தின்போது வலியைத் தடுப்பதில் மிகவும் நம்பகமானது மரப்பு ஊசி. இதில் இரண்டு முறைகள் உண்டு.

முதலாவது, முதுகுப்பக்க நரம்புத் தடுப்பு. பிறந்த குழந்தைகளுக்கு இது 1978 முதல் மருத்துவ இதழ்களில் விவரிக்கப்பட்டு வருகிறது. உறுப்பு உடலோடு சேரும் இடத்தைக் கடிகார முகமாக எண்ணிக்கொண்டால், 10 மணி, 2 மணி ஆகிய இரண்டு இடங்களில், தோலுக்குச் சற்றே அடியில், 1 சதவீத லிக்னோகெயினைப் பக்கத்துக்குச் சுமார் 0.4 மில்லிலிட்டர் செலுத்துகிறார்கள். இரண்டாவது, வளையத் தடுப்பு. இதில் மருந்தை உறுப்பைச் சுற்றி ஒரு வளையம்போல் தோலுக்கடியில் பரப்புகிறார்கள். அடிப்பக்கக் கிளைகளும் இதில் அடங்கிவிடுகின்றன.

1997-ல் ஜாமா இதழில் வெளியான ஓர் ஆய்வு க்ரீம், முதுகுப்பக்கத் தடுப்பு, வளையத் தடுப்பு மூன்றையும், மருந்தே இல்லாத நிலையையும் ஒப்பிட்டது. மூன்றும் பயன் தந்தன. ஆனால் பிரித்தல், வெட்டுதல் உட்பட எல்லாக் கட்டங்களிலும் ஒரே சீராகப் பயன் தந்தது வளையத் தடுப்பு மட்டுமே. மருந்து பெறாத குழுவில் இரண்டு குழந்தைகளுக்கு மூச்சுத் திணறல் ஏற்பட்டதால், அந்தக் குழுவில் மேலும் குழந்தைகளைச் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. 2004-ல் வந்த கோக்ரேன் தொகுப்பாய்வு, அதுவரை நடந்த 35 சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து, முதுகுப்பக்க நரம்புத் தடுப்பை அதிகப் பயனுள்ள முறைகளில் முன்னிறுத்தியது. இரண்டில் எது என்பது செய்பவரின் கைப்பழக்கத்தையும் பொறுத்தது.

ஊசிக்குப் பயப்படும் பெற்றோர் கேட்பது, வலியைத் தடுக்க இன்னொரு வலி எதற்கு என்பதே. மிக மெல்லிய ஊசியால் சில நொடிகளில் குத்தி மெதுவாக மருந்தைச் செலுத்தினால், அந்த வலி, மரக்காத தோலைப் பிரித்து நசுக்கி வெட்டும் வலியோடு ஒப்பிட முடியாதது. முன்பே க்ரீம் தடவி, வாயில் இனிப்புநீர் வைத்து ஊசி போட்டால் அதுவும் குறையும். ஊசி போட்ட இடத்தில் சிறு கன்றிப்போதல் வரலாம். அது தானே ஆறிவிடும். இங்கும் காத்திருப்பு உண்டு: குறைந்தது 3 முதல் 5 நிமிடம்.

அளவுக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். 1 சதவீதம் என்றால் மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம். இரு பக்கமும் சேர்ந்த 0.8 மில்லிலிட்டரில் 8 மில்லிகிராம். லிக்னோகெயினுக்கு உச்ச வரம்பாகப் பொதுவாகச் சொல்லப்படுவது உடல் எடையில் கிலோவுக்கு 3 முதல் 5 மில்லிகிராம். குறைந்த வரம்பை எடுத்துக்கொண்டாலும் 3 கிலோக் குழந்தைக்கு 9 மில்லிகிராம் வரை போகலாம். ஆகவே 8 உள்ளே நிற்கிறது. அதே அளவை 2 சதவீதக் குப்பியிலிருந்து தவறுதலாக எடுத்தால் 16 ஆகிவிடும். அளவு மிஞ்சிய லிக்னோகெயின் வலிப்பையும் இதயத் துடிப்புக் கோளாறையும் உண்டாக்கவல்லது. அட்ரினலின் கலந்த குப்பியும் இந்த இடத்தில் பயன்படுத்தப்படுவதில்லை. அது இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். குழந்தையின் எடையை அன்றைக்கே பார்த்து எழுதுவதும், குப்பியின் மேல் எழுதியிருப்பதை வாய்விட்டுப் படிப்பதும் சடங்குக்காக அல்ல.

இதுவரை பார்த்ததில் நினைவில் வைக்க வேண்டியது இரண்டுதான். க்ரீம் மேற்பரப்பை அடக்குகிறது, ஊசி செய்தியின் பாதையை மறிக்கிறது. இரண்டுக்கும் நேரம் கொடுக்க வேண்டும்.

சர்க்கரைநீர், தாய்ப்பால், அணைப்பு

இனிப்புநீர் வேலை செய்கிறதா என்றால், செய்கிறது. 1990-களின் தொடக்கத்திலிருந்தே ஆய்வுகள் இதைக் காட்டி வருகின்றன. 24 சதவீதச் சர்க்கரைக் கரைசலில் சில துளிகளை, காரியத்துக்குச் சுமார் 2 நிமிடம் முன்பு நாக்கில் விட்டால், குழந்தை குறைவாக அழுகிறது. முகம் சுளிப்பதும் குறைகிறது. சூப்பியை அதில் தோய்த்துக் கொடுத்தாலும் அப்படியே. இதன் பயன் சில நிமிடங்களே நிற்கும்.

ஆனால் 2010-ல் லான்செட்டில் வெளியான ரெபெக்கா ஸ்லேட்டர் குழுவின் ஆய்வு ஒரு சங்கடமான கேள்வியை எழுப்பியது. குதிகாலில் குத்தி இரத்தம் எடுக்கும்போது, சர்க்கரை பெற்ற குழந்தைகளின் முகத்தில் வலி குறைவாகத் தெரிந்தது. மூளையில் பதிவான வலிச் செய்தியோ சர்க்கரை பெறாதவர்களுடையதைப் போலவே இருந்தது. ஆள் அமைதியாக இருக்கிறார், மணி ஒலிக்கிறது. இந்த முடிவைப் பற்றி ஆய்வாளர்களிடையே இன்றும் விவாதம் உண்டு. எனினும் அழுகை நின்றுவிட்டதை மட்டும் வைத்து வலி நின்றுவிட்டது என்று சொல்லக் கூடாது என்பதற்கு இது போதும்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதெமி 1999-ல், சுன்னத்து செய்யும்போது வலித்தடுப்பு அளிக்கப்பட வேண்டும் என்று கூறியது. 2012-ல் அதை உறுதிப்படுத்தி, இனிப்புச் சூப்பி, படுக்கவைக்கும் விதம் போன்றவை தனித்துப் போதாது என்றும் சேர்த்துச் சொன்னது. தாய்ப்பால், உடலோடு அணைத்தல், கைகால்களை இறுகக் கட்டாமல் மெத்தையிட்ட இருக்கையில் வைத்தல் எல்லாம் நல்லவையே. அவை மரப்பு மருந்தோடு சேர்த்துச் செய்யப்பட வேண்டியவை.

பாரசிட்டமாலும் அதற்குப் பின்னும்

பாரசிட்டமால் சொட்டு மருந்தை முன்கூட்டியே கொடுத்தால் போதும் என்பதும் பரவலான நம்பிக்கை. 1994-ல் வெளியான ஆய்வில், சுன்னத்து நடக்கும்போது அது வலியைக் குறைக்கவில்லை; சுமார் 6 மணி நேரம் கழித்துத்தான் குழந்தைக்குச் சற்று ஆறுதல் தெரிந்தது. மரப்பு ஊசியின் பயன் ஓரிரண்டு மணி நேரத்தில் தேய்ந்துவிடும் என்பதால், அதன் பிறகான வலிக்குப் பாரசிட்டமால் பொருத்தமானது. அளவையும் இடைவெளியையும் எடையைப் பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும். 3 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் இம்மருந்து அதை மறைத்துவிடும் என்பதும் இதற்கொரு காரணம்.

ஆஸ்பிரின், கோடெய்ன் இரண்டும் குழந்தைக்கு ஆகாது. மிச்சமிருக்கும் மரப்பு க்ரீமையோ, பல் முளைக்கும்போது தடவும் ஜெல்லையோ புண்ணின் மேல் தடவுவது கூடவே கூடாது. திறந்த புண் மருந்தை வேகமாக உறிஞ்சும். மேலே சொன்ன மெத்தீமோகுளோபின் ஆபத்து அப்போது கூடுகிறது. செய்த முறைக்கு ஏற்ப மருத்துவர் சொன்னால், பெட்ரோலியம் ஜெல்லியைத் தடவி, அணையாடை புண்ணில் ஒட்டாமல் பார்த்துக்கொண்டாலே எரிச்சல் வெகுவாகக் குறையும்.

இரத்தக் கசிவு நிற்காவிட்டாலோ, 8 மணி நேரமாகியும் சிறுநீர் கழிக்காவிட்டாலோ, காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸை எட்டினாலோ, எப்படித் தூக்கி வைத்தாலும் அழுகை அடங்காவிட்டாலோ மருந்தைக் கூட்டுவதல்ல வழி. உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

முழு மயக்கம் எப்போது

சில மாதங்கள் கடந்த குழந்தை வலுவாகக் கைகால் அசைக்கும். அசையாமல் பிடித்துவைப்பதே அதற்குப் பெரிய அச்சமாகிவிடும். அப்போது பெரும்பாலும் முழு மயக்கம் கொடுத்து, கூடவே நரம்புத் தடுப்பும் போடுகிறார்கள். மயக்கம் தெளிந்ததும் வலி தாக்காமலிருக்க நரம்புத் தடுப்பு வேண்டும். 3 வயதுக்குட்பட்டோருக்கு நீண்ட நேரமோ பலமுறையோ மயக்க மருந்து கொடுப்பது மூளை வளர்ச்சியைப் பாதிக்கலாம் என்று 2016-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்தது. ஒரு மணி நேரத்துக்குட்பட்ட ஒற்றை மயக்கத்தை ஆராய்ந்த பன்னாட்டுச் சோதனை ஒன்றில், 5 வயதில் அறிவு வளர்ச்சியில் வேறுபாடு தென்படவில்லை. குறைமாதக் குழந்தைகளுக்கு மயக்கத்துக்குப் பின் மூச்சு நின்று நின்று வரும் வாய்ப்பு உண்டு என்பதால் அவர்களைத் தனிக் கவனத்தோடு கண்காணிப்பார்கள்.

வலியைப் படிப்பதும் கேட்க வேண்டியதும்

பேசாத குழந்தையின் வலியை அளக்க மருத்துவர்கள் முகத்தைப் பார்க்கிறார்கள்: புருவம் புடைத்து நெருங்குகிறதா, கண்கள் இறுக மூடுகின்றனவா, மூக்கின் ஓரத்திலிருந்து வாய்க்கு இறங்கும் கோடு ஆழமாகிறதா, வாய் அகலத் திறக்கிறதா. இத்துடன் இதயத் துடிப்பு, ஆக்சிஜன் அளவு, கைகால் விறைப்பு ஆகியவற்றையும் சேர்த்து மதிப்பெண் இடுகிறார்கள். காரியம் முடிந்ததும் குழந்தை துவண்டு தூங்கிவிடுவதை "வலிக்கவே இல்லை" என்பதற்குச் சான்றாகச் சொல்வதுண்டு. கடும் அழுத்தத்துக்குப் பின் குழந்தைகள் அப்படி ஆழ்ந்து உறங்குவது முன்பே கவனிக்கப்பட்ட ஒன்று. அந்த உறக்கத்தை வைத்து எதுவும் சொல்ல இயலாது.

செய்பவரிடம் முன்கூட்டியே கேட்பதில் தவறில்லை: எந்த மரப்பு முறை, எவ்வளவு அளவு, எடையைப் பார்த்தீர்களா, எவ்வளவு நேரம் காத்திருப்பீர்கள், மரத்துவிட்டதை எப்படி உறுதிசெய்வீர்கள்? கடைசிக் கேள்விக்கு நல்ல பதில் ஒன்றுண்டு. தொடங்குமுன் முன்தோலை இடுக்கியால் மெல்லக் கிள்ளிப் பார்ப்பார்கள். குழந்தை முகம் சுளித்தாலோ காலை உதறினாலோ இன்னும் சில நிமிடம் காத்திருந்து மறுபடி சோதிப்பார்கள். அப்போதும் உணர்வு இருந்தால், எடைக்குரிய வரம்பைத் தாண்டாமல் மருந்து சேர்ப்பார்கள். வரம்பு முடிந்துவிட்டிருந்தால் அன்றைக்கு ஒத்திவைப்பார்கள்.